ஐந்து கடல் மைல்

ஜனவரி 11, 2025. சனி.

பகலில் வங்கி வேலை, சனி இரவுகளில் கடற்கரை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பது அவளுக்கு இது ஆறாவது பருவம். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு நடை இது. பங்குனி ஆமை முட்டையிட ஏறிவந்த தடத்தைத் தேடித்தான் போனார்கள். கிடைத்ததெல்லாம் செத்த ஆமைகள். முட்டைக் கணக்கு எழுதும் குறிப்பேட்டில் அன்றுதான் முதன்முதலாக வேறு கணக்கு ஏறியது.

ஜனவரி 14.

பொங்கல். பால் பொங்கும்போதும் மூக்கைவிட்டு அந்த வாடை போகவில்லை.

ஜனவரி 18.

கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. பிணக்கூறாய்வு செய்தவர்கள் சொன்ன காரணம் மூச்சுத்திணறல். எண்ணிய ஆமையை மறுபடி எண்ணாமலிருக்க ஓட்டின்மேல் வண்ணம் அடிக்க வேண்டும். அந்த வேலை அவளுக்கு.

ஒன்றின் வால் நீண்டிருந்தது. ஆண். முட்டையிடப் பெண் ஆமை மட்டுமே மணலுக்கு வரும். ஆண் ஆமை பிறந்த அன்று கடலில் இறங்கினால் அநேகமாகத் திரும்பக் கரையேறுவதே இல்லை. ஆறு வருடம் நடந்தும் அவள் பார்த்திராத ஆண் ஆமை, இப்படித்தான் கண்ணில் பட்டது. வண்ணம் அடிக்கக் கை வரவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் டப்பாவை வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 19.

தேதி மட்டும் இருக்கிறது.

ஜனவரி 25.

ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "எண்ணி இன்னாம்மா பண்ணப்போற?"

"கணக்கு இருந்தாத்தானே அண்ணா கேக்க முடியும்."

அவர் கடல் பக்கம் கை காட்டினார். "எஞ்சின் சத்தம் கேக்குதா? விசைப்படகு. இவ்ளோ கிட்ட அவன் வரவே கூடாது. நேத்து என் வலைய இழுத்துனு பூட்டான். ஆமை மூச்சு வாங்க மேல வந்தே ஆவணும். மடிவலைய மணிக்கணக்கா அடியில இழுத்தா அது எங்க போவும்?"

கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரை, அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சிறு மீனவருக்கென ஒதுக்கிய கடல் அது. இணைசேரவும் முட்டையிடவும் ஆமைகள் கூடுவதும் அங்கேதான்.

அதுவரை குறிப்பேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'மீனவர்கள்' என்று எழுதிவந்தாள். அன்றைய பக்கத்திலிருந்து 'இழுவைமடி' என்று இருக்கிறது.

பிப்ரவரி 2.

சென்னையை ஒட்டிய கரையில் மட்டும் செத்த ஆமைகள் ஆயிரத்துக்கு மேல் என்கின்றன செய்திகள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் ஓரத்தில் ஒரு வாசல். இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து உள்ளே போகும், ஆமை முட்டிக்கொண்டு வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே ஒன்றை வடிவமைத்து வைத்திருக்கிறது. கொஞ்சம் மீனும் அந்த வழியே போய்விடும் என்பதால் மாட்டத் தயங்குகிறார்கள். இழுவைமடியில் ஆமைக்கு வழிவிடாததால்தான் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுக்கிறது. அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டு, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள்.

மார்ச் 1.

தடம்! உள்ளே வந்த தடம், திரும்பிப் போன தடம், இரண்டும். கம்பியால் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ஓரிடம் மெத்தென்று இறங்கியது. ஒன்றரை அடி ஆழத்தில், குடம்போலக் குடைந்த குழியில் 108 முட்டைகள். விடிவதற்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வீட்டுக்கு வந்து குளிக்காமலே தூங்கினாள்.

மார்ச் முழுக்க வேறு பக்கமில்லை.

ஏப்ரல் 15.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள். முட்டையிட்ட தாய்கள் பெரும்பாலும் போய்விட்ட பிறகு.

ஏப்ரல் 19.

மார்ச் முதல் தேதிக் குழி மாலையில் குழிந்தது. இருட்டியதும் மணல் அசைந்து, குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. 91. நகரத்து வெளிச்சம் பார்த்துத் தெருப் பக்கம் திரும்பியவற்றைக் கடலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். பெரியவரும் வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை.

கடைசிக் குஞ்சை அலை வாங்கியபோது தொலைவில் விசைப்படகு விளக்கு ஒன்றுமில்லை. ஜூன் 14 வரை இருக்காது.