ஊர் பார்க்கப் போகிறோம்

பொங்கல் கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் என் கணவர் பெரிய கனடா வரைபடம் ஒன்றை விரித்து, அது சுருளாமல் இருக்க ஊறுகாய் ஜாடியையும் என் மசாலா டப்பாவையும் அதன் மேல் வைத்திருந்தார்.

"மே மாச லீவுல மூணு வாரம். டொராண்டோ, வின்னிபெக், வான்கூவர். மூணு ஊரையும் ஒரு சுத்து சுத்திட்டு, எது நமக்குச் சரிப்படும்னு முடிவு பண்ணிடுவோம்" என்றார்.

குழந்தைகள் குதித்தார்கள். எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு நயாகரா, ஐந்தாவது படிக்கும் பையனுக்குப் பனி. "மே மாசத்துல டொராண்டோவில பனி ஏதுடா?" என்று அவள் தம்பியைக் கேலி செய்தாள். அந்தக் கேலிக்குள் இருந்த விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் திருச்சி வீட்டில் இந்தப் பேச்சு புதிதல்ல. என் கொழுந்தனார் ஒன்பது வருஷமாக டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார். போய்க் குடியேறுவதற்கு, 2015-ல் கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை இருக்கிறது. வயது, படிப்பு, ஆங்கிலப் பரீட்சை, வேலை அனுபவம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். நாங்கள் பார்த்த கணக்கில் 20 முதல் 29 வயது வரை முழு மதிப்பெண்; பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்து 45-ல் பூஜ்யம். இவருக்கு 43. அதனால்தான் இந்த அவசரம்.

மனைவியின் படிப்புக்கும் தனி மதிப்பெண் உண்டு. பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கு இரண்டு. "உன் பங்குக்கு ரெண்டு மார்க்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால், பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியதற்கு எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் இல்லையே என்று மனதில் ஒரு சின்னக் குத்தல்.

கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுபத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி உண்டு, காது மட்டும் கூர்மை.

"ஏம்ப்பா, மே மாசத்துல அந்த ஊரு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருக்கும்மா. மரமெல்லாம் துளிர்த்து, பூ பூத்து... ராத்திரி எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் மறையும்."

"அப்ப பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வச்சு நிக்கிறப்ப பார்க்கப் போறீங்க. பொண்ணு பார்க்கிற அன்னிக்கு எல்லாப் பொண்ணும் அழகுதான். அடுப்படியில நிக்கிறப்ப எப்படி இருக்கும்னு யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

இவர் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு என் ஓரகத்திக்குப் போன் செய்தேன். அங்கே காலை பத்தரை. "மறைக்காம சொல்லு, குளிர்காலம் எப்படி இருக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள்.

டிசம்பர் கடைசியில் சாயங்காலம் நாலே முக்காலுக்கே இருட்டிவிடுமாம். முதல் வருஷம் அவர்கள் இருந்தது வீட்டின் அடித்தளத்தில், பேஸ்மென்ட் என்கிறார்கள். ஜன்னல் கூரையை ஒட்டி இருக்கும்; அதில் வானம் தெரியாது, பனிதான் தெரியும். குழந்தைக்குக் கோட்டு, பூட்ஸ், குல்லா, கையுறை மாட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். வாசலில் விழுந்த பனியை நாமே அள்ளிப் போட வேண்டும். "முதல் குளிர்காலம் பூரா அழுதேன்க்கா. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். அதே மூச்சில், "ஆனா இப்ப பழகிடுச்சு. இங்க கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்குது. 1983-க்கு அப்புறம் வந்த இலங்கைத் தமிழர்கள் கடை, கோயில்னு எல்லாத்தையும் உண்டாக்கி வச்சிருக்காங்க. பிள்ளைங்க படிப்புக்குக் குறையே இல்ல" என்றும் சொன்னாள்.

டொராண்டோவில் ஜனவரியின் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி. வீட்டு விலை குறைவு என்று இவர் குறித்து வைத்திருந்த வின்னிபெக்கிலோ கீழே சுமார் 16 டிகிரி. நம் வீட்டு ஃப்ரீஸருக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி!

மறுநாள் பையனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, நான் பார்க்க வேண்டியவற்றை எழுதினேன். முதலாவது, பள்ளிக்கூடம். அங்கே ஜூன் கடைசி வரை பள்ளி நடக்கும். நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதத்தில் அவர்களுக்குப் பாடம் நடப்பதால் நேரிலேயே பார்க்கலாம். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் வீட்டு விலாசத்தை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். ஆகவே முதலில் பள்ளி, பிறகு வீடு. இரண்டாவது, கார் இல்லாமல் கடைக்கும் டாக்டரிடமும் போக முடியுமா? ஒரு நாள் முழுக்க பஸ்ஸிலேயே போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வைத்தியம். குடியேறியவர்களுக்கு டாக்டர், ஆஸ்பத்திரிச் செலவை மாகாண அரசின் காப்பீடு ஏற்கும். ஆனால் பெரியவர்களுக்குப் பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, வெளியில் வாங்கும் மருந்து பெரும்பாலும் அதில் சேராது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கோ அந்தக் காப்பீடே கிடையாது. பிரயாணக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இவ்வளவும் எழுதி நிமிர்ந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைச் சுருட்டியபடி, "ஏம்மா, வயசானவங்களை வச்சுப் பார்த்துக்கிற இடத்துல மாசம் எவ்வளவு வாங்குறாங்களாம்?" என்று கேட்டார். விலைவாசி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர், பள்ளி, பஸ், பல் வைத்தியம் எல்லாம் எழுதிய நோட்டில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. வரைபடத்தை விரித்த நாளிலிருந்து அவருக்கு அது தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று இரவு இவரிடம் சொன்னேன். வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அம்மாவைப் பின்னால கூட்டிக்கலாம்னு நினைச்சேன்" என்றார். அதையும் விசாரித்தோம். அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். ஆனால் உடல் பரிசோதனை வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பிள்ளைக்குப் போதிய வருமானமும் இருக்க வேண்டும். நாங்கள் போய், வேலை தேடி, காலூன்றும் வரை அவர் யாருடன் இருப்பார்? இங்கே நள்ளிரவு இரண்டு மணிக்கு அவருக்கு மயக்கம் வந்தால், குளிர்காலத்தில் அங்கே முந்தின நாள் பிற்பகல் மூன்றரை. போன் எடுக்கலாம், கை பிடிக்க முடியாது.

மறு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரைபடம் விரிந்தது. இந்தத் தடவை மாமியாருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். வாடகை அதிகம் என்று கேள்விப்பட்ட வான்கூவரை அடித்துவிட்டோம். அதில் மிச்சமாகும் பணத்தில், டிசம்பரில் இவர் மட்டும் பத்து நாள் போய்க் குளிர்காலத்தையும் பார்த்துவிட்டு வருவார். நயாகரா ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் கடை, பள்ளி, பஸ், வாடகை வீடு. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கரூரில் இருக்கும் நாத்தனாரை வரவழைத்து, அம்மாவைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது என்றும் தீர்மானம். இரண்டு குளிகளும் தெரியாமல் எந்த முடிவும் இல்லை: அந்த ஊரின் குளிர், இந்த வீட்டில் நாங்கள் விட்டுப்போகும் வெறுமை.

"நான் உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனா என்னைக் கேட்காம எனக்கு ஏற்பாடு பண்ணாதீங்க" என்றார் மாமியார். நியாயம்தானே?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வரைபடம் விரியலாம். குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் அந்த நாட்டு அரசின் அறிவிப்பைப் பாருங்கள். ஊரைப் பார்க்கப் போனால் குடித்தனக்காரியின் கண்ணோடு பாருங்கள். அதற்கு முன்னால், வீட்டில் வாய் திறக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேற்று மாமியார் என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "அழகா இருந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லாதே. துணியை எங்க காயப்போட்டாங்கன்னு பார்த்துட்டு வா."

அதையும் எழுதிக்கொண்டேன்.