டெல்ஃப்ட் ஜவுளிக்காரரின் நாட்கள்

1654 ஜூலை 29

டெல்ஃப்ட் நகரில் இன்று அந்தோனி வான் லீவன்ஹூக்குக்கும் பார்பராவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 21. ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜவுளிக்கடையில் தொழில் பழகி ஊர் திரும்பியவர், இனிச் சொந்தக் கடை போடுவார். துணியின் தரம் பார்க்க ஜவுளிக்காரர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து இழை எண்ணுவார்கள். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத குணம் அவருக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும்.

1666 ஜூலை

பார்பரா போய்விட்டார். பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தார்கள். மிஞ்சியவள் மரியா ஒருத்திதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த நகராட்சி உத்தியோகம் வீட்டுக்கு நிலையான வருமானம் தருகிறது. ஐந்தாண்டு கழித்து கொர்னேலியாவை மறுமணம் செய்துகொள்வார்.

1676 ஏப்ரல் 24

மிளகு ஏன் காரமாக இருக்கிறது? அதன் துகள்களில் முள் போன்ற கூர்முனைகள் இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸ் வழியே பார்க்கிறார். முள்ளைக் காணோம். கணக்கில்லாத சிற்றுயிர்கள் நீந்துகின்றன! பாக்டீரியாவை மனிதக் கண் கண்ட முதல் நாட்களில் இது ஒன்று.

அக்டோபர் 9ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதுகிறார். லத்தீன் தெரியாது, எழுதுவதெல்லாம் டச்சு மொழியில்தான். அளவு சொல்ல அவர் கையில் எடுப்பது ஒரு மணற்துகள்: அதைவிட எத்தனை மடங்கு சிறியது என்று வியாபாரிக்கே உரிய கறாரோடு கணக்குப் போடுகிறார். லண்டன்காரர்கள் எளிதில் நம்பவில்லை. கண்ணால் பார்த்த ஊர்ப் பெரியவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்புகிறார். 1677 நவம்பரில் அந்தச் சொசைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தாமே பார்த்து உறுதிசெய்கிறார்.

1683 செப்டம்பர் 17

இன்றைய கடிதம் பல்லைப் பற்றியது. தினமும் காலையில் உப்புப் போட்டுப் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதாக எழுதுகிறார். அப்படியும் பல்லிடுக்கில் படிந்த வெண்மாவில் சிற்றுயிர்கள் துள்ளுகின்றன. இரண்டு பெண்களின் பல்மாவையும் சோதிக்கிறார். அவர்கள் மனைவியும் மகளுமே என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆயுளில் பல்லே துலக்காத ஒரு கிழவரையும் விடவில்லை.

1698

ரஷ்யப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்ட் வந்திருக்கிறார். விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதை அவருக்குக் காட்டுகிறார் லீவன்ஹூக். கொர்னேலியா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணம் செய்துகொள்ளாத மரியாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

1723 ஆகஸ்ட் 26

தொண்ணூறு வயதில் உயிர் பிரிகிறது. வயிற்றுக்கு மேலே அடிக்கடி எழுந்த துடிப்பைக்கூடக் கவனித்து எழுதிவைத்திருந்தார்; அந்த நோய் இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. கடைசி இரண்டு கடிதங்களை லத்தீனில் பெயர்த்து லண்டனுக்கு அனுப்பும்படி படுக்கையிலிருந்தே நண்பரிடம் கேட்டுக்கொண்டார். ஐம்பது ஆண்டுக் கடிதப் போக்குவரத்து அத்துடன் நின்றது.

அவர் எழுதிவைத்தபடி 26 வெள்ளி நுண்ணோக்கிகளை மரியா ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் தந்தைக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவரும் அவரே. அந்த 26 கருவிகளும் பின்னாளில் லண்டனில் தொலைந்துபோயின. லீவன்ஹூக் செய்த சுமார் 500 லென்ஸ்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. நுண்ணுயிரியலின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் கொண்டாடுகின்றன. அந்தப் பாடத்தில் மரியாவின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.