ஒன்பது அங்குலத்தை எங்கே அறுப்பது?

நங்கநல்லூரில் அக்கா வாங்கியிருக்கும் பழைய வீட்டில், சமையல் மேடைக்குக் கீழே சுவருக்குச் சுவர் 7 அடி 10 அங்குலம். வேளச்சேரி அடுக்ககத்திலிருந்து அவள் கழற்றிக் கொண்டுவந்த நான்கு கீழ்ப்பெட்டிகளை வரிசையாக வைத்தால் 8 அடி 6 அங்குலம். மேடைக் கல்லின் அடிப்பக்கம் தரையிலிருந்து 30 அங்குலத்தில் இருக்கிறது. பெட்டியோ காலோடு சேர்த்து 32½. அகலத்திலும் இடிக்கிறது, உயரத்திலும் இடிக்கிறது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்பது மாமாவின் கட்சி. அக்கா ஒப்பவில்லை. "நல்ல பிளைவுட்டுடா இது. தூக்கிப்போட மனசு வரலை" என்றாள். நான் போன நேரம், தச்சர் டேப்பும் காதில் பென்சிலுமாக மேடைக்குக் கீழே குந்தியிருந்தார்.

பழைய வீடுகளில் இது வழக்கமான சிக்கல்தான். கீழே கடப்பாக்கல் தட்டு வைத்து, குடமும் அரிசி டின்னும் அடுக்கக் கட்டிய மேடைகள் அவை. பெட்டி வரும் என்று யார் கண்டார்கள்? இப்போது கடைகளில் செய்யும் கீழ்ப்பெட்டி பெரும்பாலும் 720 மில்லிமீட்டர் உயரம். அதன் கீழே 4 அங்குலக் கால், மேலே கிரானைட் என்று 33, 34 அங்குலத்துக்கு வந்து நிற்கும். பழைய மேடைகள் பலவும் அதைவிடத் தணிவு. இங்கே கொத்தனார் தட்டுகளை எடுத்துவிட்டு, மேடையைத் தாங்க இரும்பு ஆங்கிள் அடித்துக் கொடுத்திருந்தார்.

தச்சர் முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, பின்சுவரை ஒட்டி ஒரு தடவை அளந்தார். "முன்னாடி ஏழு பத்து சார். பின்னாடி நாலு நூல் கம்மி" என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம். ஆக, பின்னால் அரை அங்குலம் குறைவு. மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார், மூலை சதுரமாக இல்லை. நம் ஊர்ப் பூச்சு வேலையில் சதுரமான மூலை கிடைத்தால்தான் அதிசயம். குறைந்த அளவிலிருந்து இன்னும் அரை அங்குலம் கழித்து, 7 அடி 9 என்று சுவரிலேயே எழுதிக்கொண்டார். ஒன்பது அங்குலம் போயாக வேண்டும். நான்கு பெட்டிக்கும் பகிர்ந்து அறுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் அக்காவைப் பார்த்து, "கூடையெல்லாம் எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றார்.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது பலகை இல்லை, உள்ளே ஓடுகிற கம்பிக் கூடை. இதை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். 24 அங்குலப் பெட்டியில் இரண்டு பக்கப் பலகைகளும் 18 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தின்கின்றன. இழுக்கிற சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம். மிச்சத்தில் 21 அங்குலக் கூடை உட்காருகிறது. கூடையைக் கடையில் 15, 17, 19, 21 என்று இரண்டிரண்டு அங்குல வித்தியாசத்தில் விற்கிறார்கள். எவர்சில்வர் கம்பியை அறுத்து மறுபடி பற்றவைப்பது வீட்டில் ஆகிற காரியமில்லை. பெட்டியில் ஓர் அங்குலம் அறுத்தாலும் கூடை போச்சு. சின்னக் கூடை வாங்கினால், வாங்கிய அளவுக்குத்தான் மறுபடி பெட்டியை அறுக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் அறுப்பதென்றால் எல்லாக் கூடையையும் மாற்றுவது என்று அர்த்தம். அந்தச் செலவுக்கு மாமா சொன்னதே மேல்.

நான்கில் ஒன்றில் மட்டும் கூடை இல்லை. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே வரும் 36 அங்குலப் பெட்டி. இரண்டு கதவு, உள்ளே குழாய், வேறொன்றுமில்லை. ஒன்பது அங்குலமும் அதன் தலையில் விழுந்தது. 27 ஆனால் உள்ளே இருபத்தைந்தரை கிடைக்கும். தொட்டி 24 அங்குலம். தொட்டியின் இரு ஓரங்களையும் சுவரில் கோடு போட்டு, பக்கப் பலகை இடிக்காது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தார்.

அகலத்தைக் குறைக்கும்போது பக்கப் பலகைகளைத் தொட வேண்டியதில்லை. பெட்டியை முழுக்கக் கழற்றி, அடிப்பலகை, மேல்பட்டி இரண்டு, முதுகுப்பலகை ஆகியவற்றை மட்டும் ஒரே அளவுக்கு அறுத்து மறுபடி பூட்டினார். கதவுகளில்தான் கவனம் வேண்டும். கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழி ஓரத்தை ஒட்டியே இருக்கும். அந்தப் பக்கம் அறுத்தால் குழியும் சேர்ந்து போய்விடும். கைப்பிடி இருக்கும் பக்கம் கதவுக்கு நாலரை அங்குலமாக எடுத்தார். கைப்பிடித் துளைகள் அறுத்த துண்டோடு போயின, புதிதாகப் போட்டுக்கொண்டார்.

உயரத்துக்கு மூன்று அங்குலம். இரண்டரை போதுமே என்றால், கல்லின் பாரம் பெட்டி மேல் இறங்கக் கூடாது, அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும் என்கிறார். கால்களை எடுத்துவிட்டால் அறுக்காமலே நுழைந்துவிடுமே என்று மாமா கேட்டதற்கு, "தினம் தரை துடைப்பீங்கள்ல?" என்பதோடு முடித்துக்கொண்டார். கீழ்ப்பெட்டிக்கு மேல்பலகை கிடையாது, இரண்டு பட்டிதான். அதனால் மேலிருந்து அறுத்துப் பட்டியை இறக்கிவிட்டார். அடி இணைப்பும் கால்களும் அப்படியே இருந்தன. கதவை மட்டும் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை என்று பிரித்து அறுத்தார். கீல் குழிகள் இரு முனையிலிருந்தும் 4 அங்குலத்தில் இருந்தன. ஒரே பக்கம் மூன்று அங்குலம் எடுத்தால் குழி விளிம்புக்கு வந்துவிடும். பிரித்து எடுத்தால் இரண்டு பக்கமும் இரண்டரை மிஞ்சும். பெட்டிக்குள் கீலின் தகடுகளை ஒன்றரை அங்குலம் கீழே இறக்கினால் முடிந்தது. ஒரு புதுக் குழிகூடத் தோண்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். கூடைப் பெட்டிகளில் கீழ்க் கூடைக்கு மேல் சும்மா கிடந்த இடத்திலிருந்து மூன்று அங்குலத்தை எடுத்துக்கொண்டு, மேலே இருந்த சேனல்களை இறக்கிவிட்டார்.

அறுப்பது மொட்டை மாடியில். மைக்கா ஒட்டிய பலகையை வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது பல் கீழிருந்து மேலாக வருவதால் மேல்முகம்தான் பிய்யும். நல்ல முகத்தைக் கீழே பார்க்கப் போட்டு, கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, நேரான அலுமினியப் பட்டையைக் கவ்வி வைத்து, நிதானமாக ஓட்டினார். உதவிக்கு வந்த பையன் முகத்தில் துண்டுகூட இல்லை. பழைய பலகைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. அக்கா உள்ளே போய் முகக்கவசம் எடுத்துவந்து கொடுத்தாள். அறுத்த ஓரங்களில் புது எட்ஜ் பேண்டை ரப்பர் பசையால் ஒட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரங்களை அப்படியே விடுவதுதான் வழக்கமாம். அக்கா விடவில்லை. தொட்டிக்கு அடியில் வரும் அறுவாய்களுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். அவள் சொன்னது சரி. அறுத்த வாய் தண்ணீர் குடிக்கும்.

பிளைவுட் என்பதால்தான் இவ்வளவும் நடந்தது. ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 முத்திரைப் பலகைகள் ஒருமுறை கழற்றிப் பூட்டினாலும் திருகைப் பிடிக்கும். வேளச்சேரியிலிருந்து கூடவே வந்த மேல்பெட்டிகளில் ஒன்று மட்டும் பின்னால் வாங்கியது, பார்ட்டிகல் போர்டு. அதை அறுத்தபோது ஓரம் ரவையாக உதிர்ந்தது. பழைய துளையில் திருகு சும்மா சுற்றியது. குச்சியும் பசையும் அடைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல கூலி வாங்கினா எனக்குப் பாவம்மா" என்று ஒதுக்கி வைத்தார். கதவுகள் மெம்பிரேன் வகையாக இருந்திருந்தாலும் இந்த வேலை நடந்திருக்காது. பிவிசி தாளை வளைத்துப் போர்த்திய அந்தக் கதவை அறுத்தால் புது ஓரம் மற்ற மூன்றோடு ஒட்டாது.

மாலையில் நான்கு பெட்டியும் மேடைக்குக் கீழே போயின. சுவர் கோணலால் முன்பக்கம் ஓர் அங்குலம் இடைவெளி. அறுத்து மிஞ்சிய கதவுத் துண்டிலேயே ஒரு பட்டி எடுத்து, சுவரின் வளைவுக்கு இழைத்து அடைத்தார். நிறம் மாறவே இல்லை. துண்டுகளைக் குப்பையில் போட வேண்டாம் என்று காலையிலேயே அவர் சொன்னது அதற்குத்தான்.

வீடு மாறும்போது பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போக நினைப்பவர்கள் முதலில் கூடையின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கூடை இல்லாத பெட்டி எது என்று பாருங்கள். அதன் பிறகு தொட்டிப் பெட்டியின் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். ஊதியிருந்தால் அதற்கு வண்டி வாடகைகூடக் கொடுக்காதீர்கள்.