மனம் சோரும் வேளையில்

மார்ச் மாதம் வந்துவிட்டால் நமது சிற்றாலயத்தில் முழந்தாளிட இடம் கிடைப்பதில்லை. அது புனித சூசையப்பருக்கு உரிய மாதம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அருட்சகோதரிகள் நன்கு அறிவார்கள்; அரசுத் தேர்வு எழுதும் நாமும் நன்கு அறிவோம்! தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னரோ, நன்றி கூற ஓடி வருவோர் ஒரு புறம். வாயிற்படிவரை வந்து, உள்ளே நுழைய மனமின்றித் திரும்பிவிடுவோர் ஒரு புறம். அப்படித் திரும்பிச் செல்லும் தோழியரை நினைந்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சோர்வு தேர்வோடு மட்டும் வருவதன்று. தந்தைக்கு வேலை போய்விட்ட வீடு உண்டு. தாய் நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் வீடு உண்டு. விடுதிக்கு வந்த முதல் மாதத்தில் இரவெல்லாம் தலையணையை நனைக்கும் ஏக்கத்தை நம்மில் பலர் அறிவோம். "செபி, எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியோர் கூறுகின்றனர். நாமும் செபிக்கிறோம். நவநாளின் ஒன்பது நாட்களும் முடிகின்றன. சில வேளைகளில் சரியாவதில்லை. அப்பொழுது எவரேனும், "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிட்டால், அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதேயாகும். அவ்வாறு சொல்வோர் கெத்சமனித் தோட்டத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். அங்கே நம் ஆண்டவரே மனம் கலங்கி, சொன்ன சொற்களையே மும்முறை சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். துன்பக் கிண்ணமோ அகலவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்?

அப்படியானால் செபம் தரும் மகிழ்ச்சி எது? சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தில் அன்னாள் என்னும் பெண்மணியைக் காண்கிறோம். அவளுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. கணவனின் மற்றொரு மனைவியாகிய பெனின்னா, ஆண்டுதோறும் சீலோவிலுள்ள ஆண்டவரின் இல்லத்திற்குச் செல்லும் போதெல்லாம் அவளைக் குத்திக் காட்டுவாள். அன்னாள் அழுவாள், உணவைத் தொடமாட்டாள். ஒரு முறை அவள் எழுந்து சென்று, மனங்கசந்து கண்ணீர் விட்டுச் செபித்தாள். உதடுகள் அசைந்தன, ஓசை எழவில்லை. அதைக் கண்ட குரு ஏலி, அவள் மது அருந்தியிருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார்! (செபிப்பவரைத் தவறாக எண்ணுவது அன்றே தொடங்கிவிட்டது போலும்.) அவள் தன் துயரை எடுத்துரைத்ததும், ஏலி ஆசி கூறி அனுப்பினார். அவள் போய் உணவு உண்டாள். அதன்பின் அவள் முகத்தில் வாட்டம் இல்லை என்கிறது வேதாகமம்.

தோழியரே, இந்த இடத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. பிறக்கும் என்பதற்கு அடையாளமும் இல்லை. பெனின்னா அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவளது நாவும் குறுகிவிடவில்லை. அன்னாளின் முகம் மட்டும் மாறிவிட்டது! கேட்டது கைக்கு வருமுன்பே மகிழ்ச்சி வந்துவிட்டது. பாரத்தை ஒருவரிடம் முழுவதுமாக இறக்கி வைத்தவளுக்குப் பசி எடுத்தது. எவ்வளவு இயல்பான செய்தி!

"ஆயினும் பின்னர் சாமுவேல் பிறந்தாரே, கேட்டது கிடைத்துவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, கேட்டது கிடைக்காமலே போன ஒருவரையும் பார்ப்போம். அவர் நமக்கு அந்நியர் அல்லர். ரோஜா மலர்களை ஏந்திய அவரது படம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. அவரே சிறுமலர் தெரேசம்மாள்.

1873-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் பிறந்த தெரேசம்மாள், நான்கு வயதிலேயே தாயை இழந்தார். 1888-ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், லிசியு நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அவருடைய அன்புத் தந்தை மனம் பேதலித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பெண்மக்கள் மடத்திற்குப் போனதால்தான் இந்தக் கதி என்று ஊரில் பேச்சு எழுந்தது. மகள் செபித்தார். தந்தை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை, 1894-இல் மரித்தார். அந்தத் தந்தையும் தாயும் 2015-ஆம் ஆண்டு புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். ஆனால் அன்று அழுத மகளுக்கு அது எப்படித் தெரியும்?

சரி, செபமாவது அவருக்குத் தேனாய் இனித்ததா? இல்லை. தியான வேளையில் ஆண்டுக்கணக்கில் அவர் உறங்கி விழுந்தார். தனியே செபமாலை சொல்வது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. மனம் வறண்டு போகும்போது பரலோக மந்திரத்தை மிக மெதுவாக ஒரு முறை சொல்வார். பிள்ளை உறங்கினாலும் பெற்றோர் அதனை நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று தம்மைத் தேற்றிக்கொள்வார். (காலைத் திருப்பலியில் கண்ணயரும் விடுதித் தோழியர் இதனைச் சாக்காகச் சொல்ல வேண்டாம், நம் சகோதரிகளிடம் இது பலிக்காது!)

ஆயினும் அவருக்கு மகிழ்ச்சி வந்தது. எங்கே வந்தது தெரியுமா? மடத்தில் மூட்டுவலியால் நடக்க இயலாத முதிய சகோதரி ஒருவர் இருந்தார். மாலைதோறும் அவரைச் சிற்றாலயத்திலிருந்து உணவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டும். விரைந்து நடந்தாலும் குறை. மெல்ல நடந்தாலும் குறை. அவரைத் திருப்திப்படுத்துவது எளிதன்று என்று அறிந்தும் தெரேசம்மாள் அப்பணியைத் தாமே கேட்டு ஏற்றார். உணவறையில் அமர்த்திய பின், அந்த முடங்கிய கைகள் ரொட்டியைத் துண்டாக்கப் படும் சிரமத்தைக் கண்டு, அதையும் செய்து கொடுத்து, ஒரு புன்னகையும் தந்துவிட்டுத்தான் செல்வார். ஒரு குளிர்கால மாலை, இருள் கவிந்த வேளை. தொலைவில் எங்கோ இசைக்கருவியின் இனிய ஒலி. விளக்குகள் ஒளிரும் மாளிகையும், அழகிய ஆடை அணிந்த நங்கையரும் அவர் மனக்கண்ணில் தோன்றினர். திரும்பிப் பார்த்தால், மங்கிய வெளிச்சத்தில் மடத்தின் செங்கற்சுவர். செவியிலோ முதியவரின் முனகல். அந்தக் கணத்தில் தம் உள்ளத்தில் நிறைந்த இன்பத்தைச் சொல்ல வார்த்தையில்லை என்றும், உலகின் விருந்துகள் அனைத்தையும் கொடுத்தாலும் அந்தச் சில நிமிடங்களை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றும் அவர் எழுதி வைத்தார். உறங்கி விழுந்த தியானத்தில் கிடைக்காத இன்பம், தடுமாறும் ஒரு கையைப் பிடித்து நடந்தபோது கிடைத்தது. செபம் வீண் போகவில்லை. அது கைகளின் வழியே கனிந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் அவருடைய வாயிலிருந்து இரத்தம் வந்தது. காசநோயின் முதல் அடையாளம் அது. சில நாட்களில், உயிர்ப்பு விழாக் காலத்திலேயே, மற்றொரு துன்பமும் தொடங்கியது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்னும் இருள் உள்ளத்தைச் சூழ்ந்தது. இறக்கும்வரை அது முற்றிலும் நீங்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறரைப் போல நடித்துக் காட்டிச் சகோதரிகளைச் சிரிக்க வைப்பதில் வல்லவரான இவருக்குள் இத்தனை இருளா என்று உடனிருந்தோரில் பலர் அறியவில்லை. அவர் நினைவாகவே தம் துறவறப் பெயரை ஏற்ற கல்கத்தா அன்னை தெரேசாவும் இத்தகைய இருளில் பல பத்தாண்டுகள் நடந்தார் என்பதை, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியான பின்னரே உலகம் அறிந்தது.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். எல்லாச் சோர்வையும் செபமாலை ஒன்றினாலேயே போக்கிவிடலாம் என்று நாம் கூற வரவில்லை. சாக விரும்பிச் சூரைச் செடியடியில் படுத்த எலியாசுக்கு வானதூதர் முதலில் உபதேசம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றித் தவிக்கும் தோழி, தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்லட்டும், மருத்துவரிடமும் செல்லட்டும். அப்பம் கொண்டுவந்த தூதர் இன்று அவர்கள் உருவில் வரலாம் அன்றோ? பெற்றோரும் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

தெரேசம்மாளின் கடைசி ஆண்டுக்கு வருவோம். சற்று நேரம் தோட்டத்தில் நடக்குமாறு அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடியும் வேதனையாயிருப்பதைக் கண்ட சகோதரி ஒருவர், நடப்பதை விட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். தூரதேசத்தில் களைத்துப் போயிருக்கும் ஒரு வேதபோதகருக்காக நடக்கிறேன் என்றார் அவர். அவர் ஞானச் சகோதரராக ஏற்றுச் செபித்து வந்தோர் இருவர். ஒருவர் 1896-இல் சீனாவின் செச்சுவான் மாநிலத்திற்குப் புறப்பட்டுச் சென்றார். மடத்தைவிட்டு வெளியேறாத அந்த இளம் சகோதரி, தாம் வேலை செய்யும் இடத்தின் சுவரில் அந்த மாநிலத்தின் வரைபடத்தை மாட்டி வைத்திருந்தார். நோய் முற்றிய 1897 கோடையிலும் அவருடைய கடிதம் ஒன்று லிசியுவிலிருந்து சீனாவிற்குப் புறப்பட்டது.