பால்வாடியில் நனைந்த டவுசர்

1/ "உங்க பையன் இன்னைக்கும் டவுசர்லயே போயிட்டான்மா." ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மில்லுக்கும் தறிக்கும் போற அம்மாக்கள் பால்வாடி வாசல்ல அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்டதும் முகம் சுண்டிடும். சில பிள்ளைகளுக்கு அங்கேயே முதுகுல ஒண்ணு விழும். அந்த அடியைப் பத்தித்தான் இந்த இழை.

2/ முதல்ல உடம்போட கணக்கு. 3 வயசுக் குழந்தையோட சிறுநீர்ப்பை சுமாரா 120-150 மில்லிதான் கொள்ளும். ஒரு சின்ன டீ டம்ளர் அளவு. விளையாட்டு மும்முரத்துல அது நிரம்பினது தெரியாது. தெரியும்போது நேரம் இருக்காது.

3/ பகல்ல கட்டுப்பாடு வர்றது பெரும்பாலும் 2-லிருந்து 4 வயசுக்குள்ள. ராத்திரிக்கு இன்னும் தாமதமாகும். 5 வயசு வரைக்கும் படுக்கை நனையுறதை நாங்க நோயா எடுத்துக்கறதில்லை. நம்ம ஊர்ல 2 வயசுலயே அங்கன்வாடிக்கு வர்றாங்க. அதாவது, பாதி கத்துக்கிட்டு இருக்கும்போதே வர்றாங்க.

4/ திட்டினா, அடிச்சா என்ன ஆகும்? குழந்தை அடக்க ஆரம்பிக்கும். அடக்கினா மலம் காய்ஞ்சு கெட்டியாகும். வெளியே வரும்போது வலிக்கும். வலிச்சா இன்னும் அடக்கும்.

5/ மூணரை வயசுப் பொண்ணு ஒருத்தி. "டாக்டர், ரெண்டு வாரமா பேதி, ஜட்டியெல்லாம் கறை"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. வயித்தைத் தொட்டுப் பார்த்தா கல்லு மாதிரி மலம். அவளுக்கு இருந்தது மலச்சிக்கல். கெட்டியா அடைச்சு நிக்கிறதைச் சுத்தி, தண்ணியா இருக்கிறது கசியுது. அவளுக்கே தெரியாம. அந்த அழுத்தத்துல ஒண்ணுக்கும் அடிக்கடி போயிடும்.

6/ ஒரு தடவை துணியில போனதுக்காக எல்லார் முன்னாடியும் அவளை நிக்க வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அங்க கக்கூஸ் பக்கமே போகலை. மலத்தை இளக்க மருந்து கொடுத்தோம். கூடவே, யாரும் திட்டக் கூடாதுன்னு வீட்டுலயும் மையத்துலயும் பேசினோம். சரியாக ரெண்டு மூணு மாசம் ஆச்சு. அவசரப்பட்டு மருந்தை நிறுத்தினா திரும்ப வரும்.

7/ டீச்சர், ஆயாம்மா கவனத்துக்கு. அத்தனை பிள்ளைகளை ரெண்டே பேர் சமாளிக்கிறீங்க, புரியுது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் 5 நிமிஷம் உட்கார வைங்க. சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அப்ப வெளியேறுறது சுலபம். நனைஞ்சுட்டா, தனியா கூட்டிட்டுப் போய் "பரவாயில்லடா, மாத்திக்கலாம்"னு சொல்லி மாத்துங்க. மலம்னா இடத்தைக் கழுவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, குழந்தைக்கும்.

8/ அம்மா அப்பா கவனத்துக்கு. பெல்ட்டும் ஊக்கும் வேண்டாம், எலாஸ்டிக் டவுசர் போதும். ரெண்டு செட் மாற்றுத்துணியும் ஒரு பிளாஸ்டிக் கவரும் பையில வைங்க. தண்ணி, பழம், கீரை கொடுங்க. ஒண்ணுக்குப் போயிடுவான்னு பயந்து தண்ணியைக் குறைக்காதீங்க.

9/ எப்ப டாக்டர்கிட்ட வரணும்? காய்ச்சல், ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், மலத்துல ரத்தம் இருந்தா வாங்க. ஆறு மாசத்துக்கு மேல சரியா இருந்த குழந்தை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சாலும் வாங்க. அதோட தாகமும் அதிகமா இருந்து மெலிஞ்சா, அன்னைக்கே சர்க்கரை பார்க்கணும். ஒரு ஆளைக் கண்டாலோ ஒரு இடத்துக்குப் போகணும்னாலோ பயந்து நடுங்கினா, பொறுமையா விசாரிங்க. உதவிக்கு 1098 இருக்கு.

10/ கடைசியா ஒண்ணு. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட 48-வது பிரிவு, மில் பெண்களோட குழந்தைகள் காப்பகம் பத்தினது. அந்தக் குழந்தைகளைக் கழுவி விடவும் துணி மாத்தவும் வசதி வேணும்னு மாநில அரசு விதி போடலாம்னு அதுல எழுதியிருந்தாங்க. குழந்தைன்னா நனையும்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. உங்க பிள்ளை போற இடத்துல தண்ணி வருதா, குட்டிக் கக்கூஸ் இருக்கா, துணி மாத்த ஒரு மறைவு இருக்கான்னு நாளைக்கு விடப் போகும்போது பாருங்க. இல்லைன்னா கேளுங்க. பிள்ளையை மட்டும் அடிக்காதீங்க.