சைலன்சர் வாங்கிய கதை

எங்கள் எதிர் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதை தெரிந்தவர். எனக்கு 74 வயது என்பதால் புகாரைக்கூட நலம் விசாரிப்பதுபோலத்தான் சொல்வார். ஒரு நாள் காலை கேட்டருகே வந்து நின்றார். "சார், வண்டி ஏதாச்சும் ரிப்பேருங்களா? விடிகாலைல நீங்க ஸ்டார்ட் பண்றப்போ பாப்பா முழிச்சுக்குது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடது காது ஐந்து வருடமாக மந்தம். வண்டி எப்போதும்போலத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மனைவியிடம் கேட்டேன். "மூணு மாசமா டிராக்டர் மாதிரிதான் இருக்கு. உங்களுக்குத் தெரியும், செலவுக்குப் பயந்துகிட்டு பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். இரண்டாவது வாக்கியத்தில் உண்மை இல்லாமலில்லை.

வண்டி 12 வருடம் ஆனது. மூன்று சிலிண்டர், 796 சிசி. கம்பெனிப் பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டையில் தெருவுக்கு நாலு நிற்கும். கூபேர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்க, பேங்குக்கு, கோயிலுக்கு, மாதம் ஒரு தடவை ஜிப்மருக்கு, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். எப்போதாவது விழுப்புரத்தில் என் மைத்துனர் வீட்டுக்குப் போவோம்.

நூறடி ரோட்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினார். அது பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. "முடிஞ்சுது சார். வேற பெட்டிதான்" என்றார்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்த மொழியில் இதற்குப் பொ தெஷாப்மான் என்று பெயர். பொ என்றால் பானை. எஷாப்மான் என்றால் தப்பித்து வெளியேறுவது. இங்கிலீஷ்காரன் சத்தத்தை அடக்குகிற வேலையைப் பார்த்து சைலன்சர் என்று பெயர் வைத்தான். பிரெஞ்சுக்காரன் உள்ளேயிருந்து எதுவோ தப்பிப் போகிறதைப் பார்த்திருக்கிறான். அந்த அர்த்தத்தின் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வேறு பெட்டி என்றால் எது என்று கேட்டேன். அங்கேதான் தொல்லை ஆரம்பம். ஆபீசில் மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு ஃபேன்கூட வாங்கியதில்லை. பழக்கம் போகுமா? அந்த வாரம் முழுக்க நாலு கடை ஏறி இறங்கினேன்.

முதல் கடையில் லோக்கல் பெட்டி, 1,400 ரூபாய். கையில் தூக்கினால் முறுக்கு டின் மாதிரி இருந்தது. மெல்லிய தகடு, மேலே வெள்ளிப் பெயின்ட். நம் ஊர்க் கடல் காற்றுக்கு எத்தனை மழை தாங்கும் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இரண்டாவது இடம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அளவெடுத்துச் செய்து தருவார்களாம், 9,500 ரூபாய். அந்தப் பையன் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினான். "பாருங்க, ஒட்டல. இது 304. காந்தம் ஒட்டுனா அது ஸ்டெயின்லெஸ்ஸே கெடையாது." முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தப்பு. கார்க் கம்பெனிகள் புகைக்குழாய்க்கு நிறையப் பயன்படுத்தும் 409 என்ற ரகமும் ஸ்டெயின்லெஸ்தான். அதில் குரோமியம் பதினொரு சதவீதம் போல இருக்கும், நிக்கல் இருக்காது, காந்தம் ஒட்டும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. துரு பிடிப்பதில் 304 உசத்தி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் என் கேள்வி வேறு. பெட்டிக்குள் என்ன வைப்பாய் தம்பி? "கிளாஸ் வுல் அடைச்சிடுவோம் சார்." எத்தனை அறை, துளைக்குழாய் எவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு, போட்டுப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றான்.

கம்பெனிப் பெட்டிக்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். சத்தம் ஓர் அலை. அறைச்சுவரில் மோதித் திரும்பும் அலை எதிரே வரும் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. எந்த எஞ்சினுக்கு எந்த அளவு அறை என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். வெறும் கிளாஸ் வுல் கீச்சுச் சத்தத்தை உறிஞ்சிவிடும். அடித்தொண்டைச் சத்தம் அவ்வளவு சுலபத்தில் அடங்காது. மூன்று சிலிண்டர் வண்டியில் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காருக்குள் வண்டு மாதிரி ரீங்காரம் போடும்.

இதற்குள் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சேதி போய்விட்டது. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். போனில் படம் படமாக அனுப்பினான். பீரங்கி வாய் மாதிரி அகலமான முனை, ஃப்ரீ ஃப்ளோ. "தாத்தா, இத மாட்டுங்க. பவர் ஏறும், சவுண்டும் சும்மா கெத்தா இருக்கும்." ஏறுமாம். இந்த எஞ்சின் மொத்தமே ஐம்பது குதிரைக்கு உள்பட்டது. பின்பெட்டியை மட்டும் மாற்றினால் வருகிற அரைக் குதிரையை வைத்துக்கொண்டு நான் மார்க்கெட்டுக்கு முன்னால் யாரை முந்தப் போகிறேன்? 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்சருக்காகவே இருக்கிறது என்று சொன்னேன். சத்த அளவை மீறினால் சட்டத்தின் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொன்னேன். "தாத்தா, ரிட்டையர் ஆகி எத்தன வருஷம் ஆச்சு?" என்றான். சனி ஞாயிறுகளில் நம் ஊருக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகள் புல்லட்டைப் பட்பட்டென்று வெடிக்க விட்டுப் போவதைக் கேட்டிருப்பீர்கள். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டி விடாததால் அங்கே மட்டும் பிழைத்தோம்.

மூன்றாவது கடைக்காரர் சொன்னதுதான் உச்சம். "சார், முன்னால ஒரு கன்வெர்ட்டர் இருக்கு பாருங்க, அந்தத் தேன்கூட்டத் தட்டி எடுத்துட்டா வண்டி ஃப்ரீயா மூச்சு விடும். கூலி வேணாம். நானே உங்களுக்குக் காசு தரேன்." காசு ஏன் தருகிறார்? அந்தத் தேன்கூட்டில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள். கார்பன் மோனாக்சைடை மாற்றித் தீங்கு குறைத்து அனுப்புவது அதுதான். நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

மறுபடி என் பழைய மெக்கானிக்கிடமே போனேன். அவர் அதற்குள் பழைய பெட்டியைக் கழற்றி, கட்டரால் பிளந்து வைத்திருந்தார். உள்ளே செம்மண் குழம்பு மாதிரி துருத் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. தூரமாக ஓட்டினால் பெட்டி சூடேறி அது போய்விடும். என்னை மாதிரி மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் பெட்டி சூடாவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு கலந்து தகட்டைத் தின்கிறது.

"அதுக்குத்தான் கம்பெனியில அடியில சின்ன ஓட்டை ஒண்ணு வெச்சிருப்பான். இதுல யாரோ அடச்சிருக்காங்க" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். கடுகளவு வெல்டிங் பொட்டு.

யாரோ இல்லை, நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகுகிறதே என்று ஒரு வெல்டிங் கடையில் 50 ரூபாய் கொடுத்து அடைத்தேன். பெரிய செலவைத் தவிர்த்துவிட்டதாக வீட்டில் பெருமையும் பேசினேன். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அவர் முன்பக்கம் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினை ஒட்டி, கன்வெர்ட்டருக்கு முன்னால் வரும் ஜாயின்ட்டில் பேக்கிங் கருகி, சுற்றிலும் கரி படிந்திருந்தது. நிமிர்ந்து கேட்டார்: "சார், ஏசி போட்டு தூரமா போனா அம்மாவுக்குத் தலைவலி வருதுங்களா?"

நான் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விழுப்புரம் போகும்போது மூன்று முறை வந்தது. புறப்பட்டு அரை மணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள், குமட்டுகிறது என்பாள். கண்டமங்கலத்தில் இறங்கி டீ குடித்தால் சரியாகிவிடும். பித்தம் என்றேன். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே என்றேன். மூன்றாவது முறை, உனக்கு விழுப்புரம் என்றாலே இப்படித்தான் என்று எரிந்து விழுந்தேன். அவள் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் வந்தாள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். சத்தம் போட்டது பின்னால் பெட்டி. ஏசி காற்றோடு உள்ளே வந்திருக்கக்கூடியது முன்னாலிருந்து. அவள் தலைவலி அதனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை முழித்திராவிட்டால் மார்கழி வரை தள்ளிப் போட்டிருப்பேன்.

கம்பெனிப் பெட்டியே வாங்கினேன். நடுக்குழாய், முன் பேக்கிங், தொங்கவிடும் ரப்பர்கள் எல்லாம் புதிது, கூலியோடு 6,200 ரூபாய். ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம், பதிவுக் காலம் 15 வருடத்தில் இன்னும் மூன்றுதான் பாக்கி. வண்டியும் நானும் போன பிறகு பெட்டி மட்டும் பளபளவென்று இருந்து என்ன செய்ய? டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங்கும் காய்ந்து வெடித்திருந்தது. வண்டி ஓடும்போது பின்னால் சுழலும் காற்று புகையை அந்த வழியாகவும் உள்ளே இழுக்குமாம். அதையும் மாற்றச் சொன்னேன், விலை கேட்காமல். மெக்கானிக் ஒரு மாதிரி பார்த்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு விழுப்புரம் போனோம். கண்டமங்கலம் வந்தது. பழக்கத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். "ஏங்க நிறுத்துறீங்க? நல்லாத்தான இருக்கேன்" என்றாள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

கடைப் பையன் கிளாஸைக் கொடுத்தபடி காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். "பெரியவரே, சைலன்சர்ல ஓட்டை போல, தண்ணி சொட்டுது" என்றான்.

"சொட்டட்டும்பா" என்றேன்.