அலுமாரிக்குள் உறங்கும் பழைய லென்ஸ்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குப் போய் வந்த நம்மவர்களில் சிலர், துணிமணிகளோடு ஒரு ஜப்பானியக் கெமராவையும் கொண்டு வந்தார்கள். பிலிம் சுருளின் காலம் மங்கியதும் அவை அலுமாரிக்குள் போயின. அவற்றில் பொருத்தியிருந்தது பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் லென்ஸ். ஸூம் ஆகாது, ஒரே குவியத் தூரம்தான். இதையே பிரைம் லென்ஸ் என்பார்கள். இன்றைய மிரர்லெஸ் கெமராக்களில் இந்த லென்ஸ்களை மீண்டும் பாவிக்கலாம் என்பது பல வீடுகளில் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. வாப்பா 1982இல் கொண்டு வந்தது. என் மகள் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியில் படமெடுக்கத் தொடங்கியபோது, பாவித்த மிரர்லெஸ் கெமரா ஒன்றை வாங்கினாள். மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்ற புதிய லென்ஸ் வாங்கக் கையில் காசில்லை. வாப்பாவின் லென்ஸ்தான் கைகொடுத்தது. மூன்று வருடப் பழக்கத்தில் அறிந்த நிறைகுறை இரண்டையும் சொல்கிறேன்.

பழைய கெமராக்களுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று மேலும் கீழும் அசையும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் பிலிமிலிருந்து தள்ளி நின்றது. உதாரணமாக நிக்கோனில் அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். மிரர்லெஸ் கெமராவில் அக்கண்ணாடி இல்லை. சோனியில் அத்தூரம் 18 மில்லிமீற்றர் மட்டுமே. மீதி 28.5 மில்லிமீற்றரை அடெப்டர் என்னும் உலோக வளையம் நிரப்புகிறது. உள்ளே வில்லை எதுவும் இல்லாத வெறும் வளையம் என்பதால் விலையும் குறைவு, படமும் கெடாது. லென்ஸின் வகைக்கும் கெமராவின் வகைக்கும் பொருந்தும் வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பைக் கெமராவில் திறந்துவிடவும் வேண்டும்.

முதல் நன்மை வெளிச்சம். கெமராவோடு வரும் சாதாரண ஸூம் லென்ஸ் 50 மில்லிமீற்றரில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எங்களுடையது எஃப் 1.8 வரை திறக்கும். ஒன்பது பத்து மடங்கு ஒளி கூடுதலாக உள்ளே வரும். கண் சத்திர சிகிச்சைக்குப் பிறகு என் உம்மா பிளாஷ் என்றாலே முகத்தைத் திருப்பிக் கொள்வார். ஒரு நாள் அஸருக்குப் பின் ஜன்னலோரம் இருந்தவரை, அந்த மாலை வெளிச்சத்திலேயே மகள் படமெடுத்தாள். சுருக்கங்கள் தெரிந்தன, பின்னால் இருந்த சாமான்களெல்லாம் மென்மையாகக் கரைந்து போயின. “இது அவங்கட கெமராட கண்ணாடியா மகள்?” என்று கேட்டு, உம்மா அந்த உலோக வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. தானாகக் குவியாது, கையால்தான் திருக வேண்டும். எஃப் 1.8இல் ஒரு மீற்றர் தூரத்தில் தெளிவாக இருப்பது மூன்று நான்கு சென்றிமீற்றர் ஆழம் மட்டுமே. கண் தெளிந்தால் காது மங்கும். தெளிவான விளிம்புகளுக்கு நிறமிட்டுக் காட்டும் வசதியும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் மிரர்லெஸ் கெமராக்களில் இருக்கின்றன. என்றாலும் ஓடும் பிள்ளையைப் பிடிப்பது கஷ்டம். மணமகள் நடந்து வரும்போது மகள் ஸூம் லென்ஸையும் பிளாஷையும் எடுப்பாள்; உட்கார்ந்த பிறகே வாப்பாவின் லென்ஸ்.

பழைய லென்ஸ்கள் பலவற்றில், முழுதாகத் திறந்தால் மினுங்கும் நகைகளின் ஓரத்தில் ஊதா நிறம் படியும். எஃப் 4, 5.6 என்று சுருக்கினால் பெருமளவு சரியாகும். வெளிச்சம் நேரே முகப்பில் பட்டால் படம் வெளிறும். அக்காலப் பூச்சு இன்றையதைப் போல் வலுவானதல்ல. விலை குறைந்த கெமராக்களில் உணரி சிறியது. 50 மில்லிமீற்றர் அங்கே 75 போல் நடந்துகொள்ளும். சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் அடக்க இயலாது. அதற்கு அகன்ற பார்வை லென்ஸ் வேண்டும். அதில் மட்டும் பழையதை நாடாதீர்கள், ஓரங்கள் தெளிவற்றுப் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி நம் நாட்டு ஈரப்பதம். பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். நாளடைவில் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பக்கற்றோடு வையுங்கள்.

வீட்டில் அப்படியொரு லென்ஸ் இருந்தால் இந்த வாரமே எடுத்து, ஒரு பக்கத்தில் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். உள்ளே வலை இல்லை, துவாரத் தகடுகளில் எண்ணெய் இல்லை, வளையம் இலகுவாகத் திரும்புகிறது என்றால் அது பாவிக்கத் தக்கது. வலை தெரிந்தால், கண்ணாடி அரிபடுமுன் கெமரா திருத்துபவரிடம் காட்டுங்கள். பாராமல் பழைய சாமான்காரருக்குக் கொடுத்து விடாதீர்கள்; தொழில் தொடங்க நினைக்கும் ஒரு மகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.